தலையெழுத்தா? தலைக் கட்டியா?

குற்றாலத்தில் சாரல் துவங்கியதும் ஜனங்கள் ஊர் ஊராய் வந்து குளிப்பதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் புத்தி மாறினவர்களை இழுத்து வந்து அருவியின் கீழ் நிறுத்தினால் தெளிந்துவிடும் என்னும் நம்பிக்கையைப் பற்றியே எழுத முன்வந்தோம்.

மூளையைச் சுற்றியுள்ள உறையில் ஒருவகைக் கட்டி உண்டாகின்றது. அமெரிக்க வைத்தியர் ஹார்வி குஷிங் 1922-ல் அதற்கு மெனிஞ்சியோமா என்று பெயரிட்டார். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பெரும்பாலும் புற்றுநோயல்ல; மெதுவாய் வளர்வது. நெற்றிப் பக்கம் வளர்ந்தால் சிலருக்குக் குணமே மாறும். உடனே "பேய்" என்கிறார்கள். சில சமயம் மண்டையோட்டையும் தாண்டி வெளிவரும். தலையில் கெட்டியான புடைப்புத் தோன்றும். கண்குழிக்குள் இறங்கினால் ஒரு கண் பிதுங்கிப் பார்வை மங்கும். உடனே "தலையெழுத்து" என்கிறார்கள். மண்டையோட்டுக் கோடுகள் எலும்புகளின் பொருத்துவாய்களேயன்றி வேறல்ல. பிரமன் எழுத்தென்றே வைத்துக்கொண்டாலும், ஓட்டையே துளைத்துக்கொண்டு கட்டி வருகின்றபோது அந்தப் பிரமன் எங்கே போனான் என்று கேட்கின்றோம்.

புடைப்பெல்லாம் இக்கட்டியென்று நாம் பயமுறுத்தவில்லை. அநேகம் சாதாரணக் கொழுப்புக் கட்டிகளே. ஆனால் எது எதுவென்று சொல்ல வேண்டியவர் வைத்தியரேயன்றிப் பூசாரியல்ல. சி.டி. ஸ்கேன் எலும்பின் நிலையைக் காட்டும், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டி எதுவரை பரவியதென்று காட்டும். ஓட்டைத் தாண்டியதாலேயே புற்றுநோயாகிவிடாது. சதையைச் சோதித்தே அதைத் தீர்மானிப்பார்கள். உள்ளே சிறிதாயிருந்து தொல்லை தராததை அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம். வெளிவந்து தொல்லை தருவதைக் கெட்ட எலும்போடு ஆபரேஷன் செய்தெடுத்து, வேண்டிய இடத்தில் மாற்று ஓடு பொருத்துகின்றனர். பார்வை நரம்பை ஒட்டியதில் மிச்சம் விட நேர்ந்தால் கதிர் சிகிச்சை உண்டு. மறுபடி வளரக்கூடுமாதலால் பின்பும் பல வருஷம் சோதனை அவசியம்.

வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி 1950-லும் மூளை ஆபரேஷன் துறைகளைத் துவக்கி முக்கால் நூற்றாண்டாகின்றது. இன்று தென்காசிக்காரர் அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே அத்துறை உண்டு. அப்படியிருக்க, வேப்பிலைக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் மாதங்களைக் கொடுப்பது எதற்காக? நசுங்கிக் கெட்ட பார்வை நரம்பு பின்னால் எவ்வளவு பணம் கொட்டினாலும் முழுதும் திரும்புமென்பதில்லை.

தோழர்களே! வீட்டுப் பெண்ணின் தலைவலியைப் பாசாங்கென்றும், குண மாறுதலைப் பேயென்றும் தள்ளிவிடாதீர்கள். அருவி நீர் தோலை நனைக்குமேயன்றி ஓட்டுக்குள் புகாது. முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அருவிக் குளியலைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.