வெல்லம் தின்றதாலா பூச்சி வந்தது?

"நாய்க்கு இனிப்பு குடுக்காதே, வயித்துல பூச்சி வரும்." நாய் வளர்க்கிற வீடுகளில் காலங்காலமாக ஓடுகிற வைத்தியப் பேச்சு இது. துளியும் உண்மை இல்லை. இனிப்பு நாய்க்கு நல்லதல்ல, அது வேறு கதை. ஆனால் வெல்லத்துக்குள் புழு முட்டை கிடையாது. இந்தப் பேச்சு வளர்ப்பவருக்கு ரொம்ப வசதி, அவ்வளவுதான். பழி வெல்லத்தின் மேல் போய்விடும், பூச்சி மருந்து வாங்காதவர் தப்பித்துக்கொள்வார்.

கண்ணே திறக்காத குட்டிக்கு யார் வெல்லம் கொடுத்தார்கள்? அதன் உடம்பிலும் புழு இருக்கிறதே! உருண்டைப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும், ஈர மண்ணில் நடந்தால் பாதத்தோலைத் துளைத்துக்கொண்டும் ஏறும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சிக்குள் காத்திருக்கும். அரிப்பு தாங்காமல் நாய் தன்னைக் கடித்துக்கொள்ளும்போது பூச்சியோடு சேர்ந்து வயிற்றுக்குள் இறங்கும். அதனால்தான் பிறந்த 2-வது வாரத்திலேயே மருந்தைத் தொடங்கி, 8 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். பல வீடுகளில் குட்டி வயிறு ஊதி நிற்கும். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று போட்டோ எடுப்பார்கள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. இதயப்புழு என்று ஒன்று இருக்கிறது. மனிதனுக்கு யானைக்கால் வியாதி தருகிற புழுவுக்குப் பங்காளி. பரப்புவது கொசு. நோயுள்ள நாயின் ரத்தத்தோடு நுண்புழுவைக் கொசு உறிஞ்சுகிறது. வெப்பமான ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் அது கொசுவுக்குள்ளேயே வளர்ந்து, அடுத்த நாயைக் கடிக்கும்போது உள்ளே நுழைகிறது. ஆறேழு மாதத்தில் நுரையீரல் தமனியிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் முதிர்ந்த புழு. பெண் புழு ஓரடி நீளம் வரை வளரும், 5 முதல் 7 வருடம் வாழும். நாய் இருமும், ஓட முடியாமல் உட்காரும். "வயசாயிடுச்சு" என்பார்கள்.

இந்தியாவில் வடகிழக்கு மாநில நாய்களிடம் இது கண்டறியப்பட்டிருக்கிறது. கேரளத்தில் இதன் இன்னொரு பங்காளி நாயின் தோலுக்கடியில் வாழ்கிறது. அங்கே மனிதர்களின் கண்ணிலிருந்தும் அதை எடுத்திருக்கிறார்கள். "நாய்க்குத்தானே" என்று அலட்சியமாகப் பேசுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம்.

வீட்டுக்குள் கொசுவர்த்தி எரியும். நாய் மட்டும் ராத்திரி முழுக்க வாசலில் கட்டிக் கிடக்கும்.

இதயப்புழு உள்ள ஊர்களில் தடுக்கும் வழி, டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத மாத்திரை. அதில் இருக்கும் ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணிலிருந்து ஒமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரில் பிறந்த மருந்து. 2015-ல் அவருக்கும் கேம்ப்பெலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது இந்த வேலைக்குத்தான். ஆனால் மாத்திரை இளம்புழுவைத்தான் கொல்லும். புழு முதிர்ந்துவிட்டால் ஆர்சனிக் கலந்த ஊசி போட வேண்டும். செத்த புழு நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும் என்பதால் நாயை வாரக்கணக்கில் ஓடவிடாமல் கட்டி வைக்க வேண்டும்.

"தெருநாய்க்கு யார் மாத்திரை குடுத்தா? நல்லாத்தானே சுத்துது?" என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. தெருவில் சுற்றுவது பிழைத்த நாய். அதோடு பிறந்த மற்ற குட்டிகள் எங்கே?

இன்னொரு கூட்டம் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியில் மிச்சத்தை நாய்க்குக் குத்திவிடுகிறது. மாட்டு மருந்தின் அளவு வேறு, நாயின் அளவு வேறு. கோலி இன நாய்கள் பலவற்றுக்குக் கூடுதல் அளவு மூளையையே தாக்கும். ரத்தத்தில் ஏற்கெனவே நுண்புழு நிறைந்த நாய்க்கு, பரிசோதனை செய்யாமல் மருந்து கொடுத்தால் அவை மொத்தமாகச் செத்து நாயையும் சாய்த்துவிடலாம். அப்போதும் "வெல்லம் தின்னுச்சு, அதான்" என்றுதான் சொல்வார்கள்.