நோய் ஓய்வாகாது

கடைச் சிப்பந்திகளின் ரஜா விஷயத்தில் முதலாளிமார் சிலர் கையாளும் தந்திரத்தை நாம் கண்டிக்கிறோம். சிப்பந்தி காய்ச்சலில் கிடந்த நாட்களை அவனது ஓய்வு ரஜாவிலிருந்து கழித்துவிடுகின்றனர். 1947-ஆம் வருஷத்துச் சென்னைக் கடைகள், ஸ்தாபனங்கள் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தது. ஓய்வுக்குச் சம்பளத்துடன் 12 நாள். அது ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனுக்கே உரியது. 24 நாள் வரை சேர்த்து வைக்கவும் இடமுண்டு. வியாதிக்கும் விபத்துக்கும் வேறு 12 நாள். இதுவோ முதல் வருஷத்திலேயே உண்டு. பிற நியாயமான காரியங்களுக்கு இன்னுமொரு 12 நாள்.

இப்பிரிவினையின் கருத்து தெளிவானது. ஓய்வு உழைத்துச் சம்பாதித்த பொருள். வியாதியோ தவணை பார்த்து வருவதன்று. ஒன்றை மற்றொன்றில் கழிப்பது கூலியைப் பறிப்பதேயாகும். தொழிற்சங்கத்தார் ரஜாக் கணக்கைக் கேட்டுப் பரிசோதிப்பாராக. கேளாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.