மேலே விரிப்பதா, அடியோடு அகற்றுவதா?

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33-45, 2 நாளாகமம் 29:12-19



நமது ஆலயத்தின் நடுப்பாதையிலும் பலிபீடப் பகுதியிலும் ஒட்டப்பட்டிருக்கும் சிவப்புக் கம்பளத்தைக் குறித்துச் சபையில் இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. பழையதின்மேல் புதியதை விரித்துவிட்டால் பண்டிகைக்குள் வேலை முடிந்துவிடும் என்பர் சிலர். அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும் என்பர் வேறு சிலர். முடிவெடுப்பது கமிட்டியாரின் பொறுப்பு. எனினும் போதகர் என்ற முறையில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பழையதை முற்றிலும் அகற்ற வேண்டும், அந்த இடத்தில் இனி எந்தக் கம்பளத்தையும் ஒட்டலாகாது.

வீட்டுச் சுவரில் தோஷம் கண்டால் செய்ய வேண்டியதை லேவியராகமம் 14ஆம் அதிகாரம் விவரிக்கிறது. ஆசாரியன் அந்த வீட்டை 7 நாள் அடைத்து வைத்து, மறுபடியும் வந்து பார்க்க வேண்டும். தோஷம் பரவியிருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, சுரண்டிய மண்ணையும் பட்டணத்துக்குப் புறம்பே கொட்ட வேண்டும். அதன் பின்னரே வேறு கல்லும் வேறு சாந்தும். பழுதின்மேல் பூசி மறைத்துவிட அங்கே அனுமதி இல்லை.

நமது தரை சுண்ணாம்புக் காரையில் பதித்த செங்கல் தளம். மண்ணிலிருந்து மேலேறும் ஈரம் அத்தகைய தளத்தின் வழியே மெல்ல வெளியேறி உலர வேண்டும். அதன்மேல் ரப்பர் பசையையும் நுரைவிரிப்பையும் அப்பிவிட்டால் ஈரம் உள்ளே அடைபடும். பின்பு பக்கவாட்டில் நகர்ந்து சுவர்களில் ஓதமாக ஏறும். அடைபட்ட ஈரத்தில் பூஞ்சணம் வளரும். மூச்சிரைப்பு உள்ள முதியோரும் சிறு பிள்ளைகளும் முழங்காற்படியிடுவது அதே இடத்தில்தான் என்பதை நாம் மறக்கலாகாது.

கம்பளத்தைப் பெயர்ப்பது கடினமன்று. 1 அடி அகலப் பட்டைகளாகக் கத்தியால் கீறி, ஒவ்வொன்றாக இழுத்துச் சுருட்டிவிடலாம். மெய்யான உழைப்பு அதற்குப் பின்னரே தொடங்குகிறது. கம்பளம் போய்விடும், பசை தங்கிவிடும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்து, அகன்ற சுரண்டியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். ஆசிட் ஊற்றினால் சுண்ணாம்பு அரிக்கப்படும். பெட்ரோலும் தின்னரும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். அவசரப்பட்டு உளியால் கொத்தினாலோ, நாம் மீட்க நினைத்த தரையே உடைந்துபோகும்.

பிரியமானவர்களே, மனந்திரும்புதலும் இத்தகையதே. ஒரு தீய பழக்கத்தை ஒரே நாளில் விட்டுவிடலாம். அதை நம்மோடு ஒட்டிவைத்திருந்த கசப்பும் பெருமையும் அன்றைக்கே நீங்கிவிடுவதில்லை. பேச்சை நிறுத்திக்கொண்ட சகோதரனோடு மீண்டும் கைகுலுக்கிவிடுகிறோம். ஆனால் பழைய கணக்கு உள்ளத்தில் பசையாக ஒட்டியிருக்கிறது. நடக்கிற தூசியெல்லாம் அதிலே படிகிறது.

பண்டிகைக்குள் முடியாதே என்பது நியாயமான கவலை. எசேக்கியா ராஜா தேவாலயத்தைச் சுத்திகரிக்கச் செய்தபோது, முதலாம் மாதம் முதல் தேதியில் தொடங்கிய வேலை 16ஆம் தேதியில்தான் முடிந்தது. பஸ்காவுக்குரிய 14ஆம் தேதி அதற்குள் கடந்துபோயிற்று. அவ்வருஷம் பஸ்கா இரண்டாம் மாதத்தில் ஆசரிக்கப்பட்டது. அந்த ஆராதனையில் பெரிய சந்தோஷம் உண்டாயிற்று. ஆகவே, இவ்வருஷம் சுரண்டி முடியாத வெறுந்தரையில் பண்டிகை ஆராதனை நடந்தாலும் அது குறைவாகாது.

இன்னும் ஒன்று. இந்தக் கம்பளம் ஒரு குடும்பத்தார் தங்கள் தாயாரின் நினைவாகப் படைத்த காணிக்கை. அதை அகற்றுவது அந்தத் தாயாரை அவமதிப்பதாகும் என்று சிலர் வருந்துகிறார்கள். காணிக்கை தேவனுக்குப் படைக்கப்பட்டபோதே அங்கீகரிக்கப்பட்டது. அது தேய்ந்துபோவதால் அந்த அன்பு தேய்வதில்லை. எனவே முதல் பட்டையைக் கீறுமுன் கமிட்டியார் அவர்கள் இல்லத்துக்குச் சென்று, அமர்ந்து பேசி, ஜெபித்து வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். தரையைச் சுத்திகரிக்கப் போய் ஒரு குடும்பத்தின் மனதைப் புண்படுத்தினால், நாம் செய்தது சுத்திகரிப்பாகாது.

ஆண்டவரே, நாங்கள் மூடி வைத்தவற்றைத் திறக்கும் தைரியத்தையும், ஒட்டியிருப்பதை அகற்றும் பொறுமையையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.