வீட்டிலும் விஞ்ஞானம்: குலை விழும் நேரம்



செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். மேலே அரிவாள் ‘சரக்’ என்று இழுபடும். கீழே ‘தொம்’ என்று குலை வந்து விழும். அந்த இரண்டு சத்தங்களுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என்றைக்காவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? இந்த முறை அந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்கும் தாய்மார்களும், பள்ளி விடுமுறையில் அவர்களோடு கூடப் போகும் பிள்ளைகளும் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பாடம் அவன் பௌதிகப் புத்தகத்தில் இருக்கும். ஆனால் இடைநிலைப் பள்ளியில் தமிழில் படிக்காததால், அம்மாவுக்கு எடுத்துச் சொல்ல அவனுக்கு வாய் வருவதில்லை. ‘கிராவிட்டி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வான். அது வேறொன்றுமில்லை, நம் புவியீர்ப்பு விசைதான். பொருள்களையெல்லாம் பூமி தன் பக்கம் இழுக்கும் இழுப்பு.

முதலில் ஒரு பழைய சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். 20 கிலோ குலையும், அதிலிருந்து உதிர்ந்த ஒற்றைப் பழமும் ஒரே உயரத்திலிருந்து ஒரே சமயத்தில் விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும்? “கனமான குலைதான், இதிலென்ன சந்தேகம்?” என்பீர்கள். கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டிலும் கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று சொல்லிவைத்தார். பெரியவர் சொன்னதாயிற்றே என்று உலகமும் நெடுங்காலம் தலையாட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேரும். நம்பிக்கை வராவிட்டால், நாற்காலி மேல் நின்று ஒரு கல்லையும் ஒரு 20 சென் காசையும் ஒரே சமயத்தில் கைவிட்டுப் பாருங்கள்.

அது எப்படி? ஒரு தள்ளுவண்டியை ஒரு ஆள் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில், ஒன்றோடு ஒன்று கட்டிய நான்கு வண்டிகளை நான்கு ஆட்கள் இழுக்கிறார்கள். இரண்டும் ஒரே வேகத்தில்தானே போகும்? கனமான பொருளைப் பூமி அதிகமாக இழுக்கிறது. ஆனால் அதைக் கிளப்புவதும் அந்த அளவுக்கே கடினம். இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது. காகிதமும் இறகும் மெதுவாக மிதந்து வருவது காற்று தடுப்பதால்தான். காற்றே இல்லாத சந்திரனில் 1971 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பருந்தினப் பறவையின் இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையில் விழுந்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது.

இத்தாலி நாட்டு கலிலியோ இதைச் சந்திரனுக்குப் போகாமலே கண்டறிந்தவர். பொருள் நேராக விழும் வேகத்தை அளக்க அந்தக் காலத்தில் சரியான கடிகாரம் கிடையாது. ஆகவே சரிவான பலகையில் பள்ளம் வெட்டி, அதில் உலோக உருண்டையை உருளவிட்டார். உருண்டை உருளும் நேரத்தில் ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை ஒழுகவிட்டு, ஒழுகிய தண்ணீரைத் தராசில் நிறுத்தார். தண்ணீரின் எடைதான் அவருக்கு நேரக் கணக்கு. ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்த பழைய ஆட்களுக்கு இந்த யுக்தி பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்! 1638இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. விழும் நேரம் இரண்டு மடங்கானால், விழுந்த தூரம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு.

இப்போது மரத்தடிக்கு வருவோம். முதல் விநாடியில் குலை விழும் தூரம் ஏறக்குறைய 5 மீட்டர். இரண்டு விநாடியில் 20 மீட்டர். இதைத் திருப்பிப் பாருங்கள். 5 மீட்டர் மரத்திலிருந்து விழும் குலை தரைக்கு வர 1 விநாடி. 10 மீட்டர் மரத்திலிருந்து 1.4 விநாடி. அதாவது மரம் இரண்டு மடங்கு வளர்ந்தும் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது அரை விநாடிகூட இல்லை. “உயர மரம்தானே, சத்தம் கேட்டதும் ஒதுங்கிக்கொள்ளலாம்” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒதுங்குவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதை இன்றிரவே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் அடிக்கோலை நீங்கள் மேல் முனையில் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ் முனைக்கு இரு பக்கமும், தொடாமல், பிள்ளை விரல்களை வைத்துக்கொள்ளட்டும். சொல்லாமல் விட்டுவிடுங்கள், பிள்ளை பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் குறியில் பிடித்தால், கண் பார்த்து விரல் மூட 0.2 விநாடி ஆகியிருக்கிறது. விழப்போகிறது என்று தெரிந்து, விரலை மட்டும் அசைக்கவே இவ்வளவு நேரம். குனிந்து, கையில் சாக்கோடு, கண் தரையில் இருக்க, மேலே சத்தம் கேட்டு, நிமிர்ந்து, எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்து, காலை எடுத்துவைக்க 1.4 விநாடி போதுமா? நீங்களே சொல்லுங்கள்.

நேரம்தான் கூடவில்லை, அடியோ கூடிக்கொண்டே போகிறது. 10 மீட்டரிலிருந்து வரும் குலை தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். 20 கிலோ குலை ஈர மண்ணில் 10 சென்டிமீட்டர் பதிந்து நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டரில் சேர்த்த வேகத்தையெல்லாம் 10 சென்டிமீட்டரில் அடக்க வேண்டும். ஆகவே மண் தாங்கும் விசை குலையின் எடையைப் போல் சுமார் 100 மடங்கு: 2 டன். விழும்போது குலையும் பழமும் சமம் என்றோமே, நிற்கும்போது சமமில்லை. ஒரு பழம் 10 கிராம் என்றால் அதன் அடி குலையினுடையதில் மிக மிகச் சிறிய பங்குதான்.

தலைக்கவசம் எதற்கு என்பதும் இதில் விளங்கிவிடும். உதிரும் பழம், முள், மட்டைத் துண்டு இவற்றின் அடியை அது பரப்பிக் குறைத்துவிடும். குலையை அதனால் தடுக்க முடியாது. அதற்காக அதை மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போவது என்ன நியாயம்? நாள் முழுக்கத் தலையில் விழுவது சின்னச் சின்னப் பொருள்கள்தானே.

குலைக்கு மருந்து தூரம் ஒன்றுதான். செம்பனையை வழக்கமாக மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். உயர மரத்துக்கான கம்போ 10 மீட்டருக்கு மேலும் போகும். கை தவறிச் சாய்ந்தால் அடுத்த மரத்தடி வரை அரிவாள் வரும். மட்டையும் நேராக விழாது. காற்றில் திரும்பித் திரும்பி எங்கேயாவது போய் விழும். சரிவான நிலத்தில் குலை உருண்டு வரும். ஆகவே கணவர் வெட்டும் மரத்துக்கு இரண்டு மரம் பின்னால் மனைவி பொறுக்கிக்கொண்டு வருவதே நல்லது. வேலை சற்றுத் தாமதமாகும், சாக்குக் கணக்கில் காசும் குறையலாம், தெரியும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று இருவரும் ஒரே மரத்தடியில் நிற்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளுக்கோ அங்கே வேலையே இல்லை.

இடையில் ஒன்று. மணிக்கு 50 கிலோமீட்டர் என்றோம் அல்லவா? அதே வேகத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சுவரில் மோதுவதும், 10 மீட்டர் மரத்திலிருந்து விழுவதும் ஒன்றே. மகனை அந்த மரத்தில் ஏறவிடாத தகப்பனார், தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் அவன் கடைத்தெருவுக்குப் போவதையும் கொஞ்சம் கவனிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. விழும் நேரத்தை விநாடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை 5ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தென்னையிலிருந்து ஒரு காய் விழ 1.5 விநாடி ஆயிற்று. காய் எவ்வளவு உயரத்தில் இருந்தது? போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்கள்.

விடை: சுமார் 11 மீட்டர்.