தராசு யார் கையில்?

"அமெரிக்காக்காரன் பாகிஸ்தானுக்கு இவ்ளோ குடுத்தான், நமக்கும் அதே அளவு குடுத்துட்டா கணக்கு சரியாப் போச்சு." நம்ம பதிவர்களில் பாதிப் பேர் இந்த வாதத்தை வச்சிருக்காங்க. மக்களே, பூனை ரெண்டுக்கும் குரங்கு அப்பம் பங்கு வச்ச கதையை ஒண்ணாங்கிளாஸ்லயே படிச்சோமே, அதுக்குள்ள மறந்து போச்சா?

கொஞ்சம் வரலாறு. 1954-இல் அமெரிக்கா பாகிஸ்தானோடு ராணுவ உதவி ஒப்பந்தம் போட்டது. அதே நேரத்தில் ஐசனோவர் நேருவுக்கும் கடிதம் எழுதினார்: நீங்களும் கேட்டால் பரிசீலிப்போம், அந்த ஆயுதம் உங்கள் மேல் பாய்ந்தால் நடவடிக்கை எடுப்போம் என்று. நேரு வேண்டாம் என்றுவிட்டார். 1965-இல் அமெரிக்க பேட்டன் டாங்கிகள் பஞ்சாபின் கேம்கரண் வரை வந்து நின்றன. அமெரிக்கா எடுத்த நடவடிக்கை என்ன? ரெண்டு பேருக்கும் ஆயுதத்தை நிறுத்தியது! அடிச்சவன், அடி வாங்கினவன் ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்துற வாத்தியார் மாதிரி. அப்புறம் பாகிஸ்தான் சீனா பக்கம் போனது, நாம் சோவியத் பக்கம் இன்னும் நெருங்கினோம். ஆயுதம் குறையவில்லை, கடைதான் மாறியது.

2005 மார்ச்சில் பாகிஸ்தானுக்கு எஃப்-16 விமானம் விற்கப் போவதாக புஷ் அரசு அறிவித்தது. டெல்லி வருத்தம் தெரிவித்தது. சமாதானம் எப்படி வந்தது தெரியுமா? உங்களுக்கும் போர் விமானம் விற்கத் தயார் என்று! நாம் 'அவனுக்கு மட்டுமா?' என்று புலம்புவதே அவர்களுக்கு விற்பனை விளம்பரம்.

என் பொழப்பில் லோட் பேலன்சர் என்று ஒன்று உண்டு. வர்ற வேலையை ரெண்டு சர்வருக்கும் பிரிச்சு விடும். சர்வர் மேல இருக்கிற பாசத்தாலயா? ஓனரோட கடை படுத்துடக் கூடாதுன்னுதான். இந்தச் 'சமநிலை'யும் அதே ரகம் :-)

சரி, ஆயுதம் வேற, பொருளாதார உதவி வேறதானே? இங்கேதான் எங்க தர்மபுரி வருகிறது. எங்க மாவட்டத்தில் போர் போட்டால் வருவது ஃப்ளோரைடு தண்ணி. என்னோடு படித்த பசங்களில் பல பேருக்குப் பல்லில் காவிக்கறை. சில பெரியவர்களுக்கு முதுகு வளைந்தே போனது. இதற்காக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-இல் ஜப்பான் கடன் ஒப்பந்தம், சுமார் 1,928 கோடி ரூபாய் செலவு, 2013-இல் திறப்பு. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணி. இனாம் இல்லை, கடன்தான். ஆனாலும் குழாயில் வருவது குண்டு இல்லையே!

இதே ஜப்பான் 1998-இல் என்ன செய்தது? இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு வெடித்ததும் ரெண்டு நாட்டுக்கும் புதுக் கடன்களை நிறுத்தியது. அணுகுண்டு வேண்டாம் என்ற அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தண்டனை யாருக்கு? பொக்ரானில் பொத்தானை அழுத்தினவருக்கா, குடத்தோடு நிற்கிற அக்காவுக்கா? 2001 அக்டோபரில், ஆப்கானிஸ்தானில் போர் ஆரம்பித்த அதே மாதம், ரெண்டு பேருக்கும் தடை நீங்கியது. ரெண்டு நாடும் குண்டைக் கைவிட்டதா என்ன?

"சோத்துக்கு அவன் காசு குடுத்தா, சொந்தக் காசுல துப்பாக்கி வாங்குவான்ல?" நியாயமான கேள்வி. 2025 மே 9 அன்று, எல்லையில் சண்டை நடக்கும்போதே, ஐ.எம்.எஃப். பாகிஸ்தானுக்கு சுமார் 100 கோடி டாலரை விடுவித்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி எதிர்ப்பைக் காட்டியது. அரசு கஜானாவுக்கு நேராகப் போகும் பணத்தில் இந்த ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தை முழுசாக நீட்டினால் ஒகேனக்கல் கடனும் நம்ம ராணுவத்துக்கு மறைமுக உதவி என்று அவன் சொல்லலாமே! அதனால் பணத்தை வேலையோடு கட்டிப்போடு: எத்தனை ஊர், எத்தனை குழாய், எவ்வளவு தண்ணி. எண்ணிப் பார்க்க முடிகிற உதவியைத் திருடுவது கஷ்டம்.

பாகிஸ்தானின் தார் பகுதியிலும் நிலத்தடி நீரில் இதே ஃப்ளோரைடுதான். அந்த ஊர்ப் பிள்ளையின் பல்லும் எங்க ஊர்ப் பிள்ளையின் பல்லும் ஒரே மாதிரிதான் கறை படியும். அங்கே ஒரு குழாய் போட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அங்கே ஒரு எஃப்-16 இறங்கினால் இங்கே ஒன்று வாங்கியாகணும். அந்தச் செலவு என் வரியில், உங்க வரியில்.

ஆகவே 'எங்களுக்கும் சமமாக் குடு' என்று கேட்பதை விடுவோம். ஆயுதம் ரெண்டு பேருக்கும் வேண்டாம், தண்ணியை ரெண்டு பேருக்கும் நிறுத்தாதே என்று கேட்போம். யாருக்கு எவ்வளவு என்று அளக்கிற வரைக்கும் தராசு அடுத்தவன் கையில்தான் இருக்கும். அப்பம் தேய்ந்துகொண்டேதான் போகும்.

டிஸ்கி: என்னை தேசத்துரோகி என்று திட்ட வருபவர்கள் ஒருமுறை எங்க பக்கம் வந்து பழைய போர் தண்ணியை ஒரு சொம்பு குடித்துவிட்டுத் திட்டவும்.