பூட்டு யாருக்கு?

திருடனுக்குப் பயந்து வீட்டைப் பூட்டுவது அறிவுடைமை. அதே பயத்தில் வீட்டிலிருப்பவர்களையே கட்டிப்போடுவது அறிவுடைமை ஆகுமா? பல்கலைக்கழக ஆராய்ச்சியை அந்நிய நாடுகளிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், பௌதிகம் படிக்கும் எனக்கு இக்கேள்விதான் எழுகிறது.

ஆபத்தே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அணு ஆராய்ச்சியில் சேர்ந்து, பின்னர் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாஸ் ஃபுக்ஸ், அணுகுண்டு இரகசியங்களைச் சோவியத் நாட்டிற்குக் கொடுத்தார். 1950-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 14 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அவர் ஜெர்மனியில் பிறந்தவர். 'அந்நியன், அதனால்தான் அப்படிச் செய்தான்' என்று சிலர் கூறக்கூடும். ஆனால் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து அதே நாட்டிற்கு இரகசியம் கொடுத்த தியோடர் ஹால் நியூயார்க்கில் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். 1944-இல் அவருக்கு வயது 19. என்னைவிட ஒரு வயது இளையவர்! பிறந்த ஊரைக் கேட்டுத் துரோகியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்றைய திருடன் வாசல் வழியாக வருவதுமில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 2019 அக்டோபரில் யாரோ ஒருவர் ஒரு போலி மின்னஞ்சலைத் திறந்தார். டிசம்பரில் பல்கலைக்கழகக் கணினிகள் முடங்கின. ஏறத்தாழ 2 லட்சம் யூரோ கப்பம் கட்டித்தான் அவற்றை மீட்டார்கள். அங்கே தேவைப்பட்டது நல்ல பூட்டும், விழிப்பும், தனியாக எடுத்துவைத்த நகலும்.

ஆனால் பயம் வந்துவிட்டால் அரசுகள் பூட்டைத் தேடுவதில்லை, ஆளைத் தேடுகின்றன. சியென் ஷுவேசென் 1935-இல் சீனாவிலிருந்து அமெரிக்கா சென்று, கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ராக்கெட் விஞ்ஞானியாகப் புகழ் பெற்றார். 1950-இல் அவரைக் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து, இரகசியப் பணிகளுக்கான அனுமதியைப் பறித்தார்கள். ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955-இல் சீனாவுக்கே அனுப்பினார்கள். அவர் அங்கே ஏவுகணைத் திட்டத்தின் தந்தையானார். 1970-இல் சீனாவின் முதல் செயற்கைக்கோள் வானில் ஏறியது. அமெரிக்கா எதற்குப் பயந்ததோ, அதைத் தன் கையாலேயே செய்து கொடுத்தது!

இதிலிருந்து பாடம் கற்றார்களா? 2015 மே மாதத்தில் டெம்பிள் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஷி ஷியாவ்ஷிங்கை, மனைவி மக்கள் கண்ணெதிரே துப்பாக்கி நீட்டிக் கைது செய்தார்கள். ஒரு கருவியின் இரகசிய வரைபடத்தைச் சீனாவுக்கு அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. அது அந்தக் கருவியின் படமே அல்ல என்று துறை அறிந்தவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, செப்டம்பரில் வழக்கைக் கைவிட்டார்கள். கைது செய்வதற்கு முன்பே ஒரு பௌதிக ஆசிரியரிடம் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கலாகாதா? 2018-இல் அமெரிக்க நீதித்துறை சீன ஒற்றாடலைத் தடுப்பதற்கென்றே ஒரு தனித் திட்டம் தொடங்கியது. அதன்கீழ் பல பேராசிரியர்கள் மீது வழக்குகள் வந்தன. சில நிற்காமல் விழுந்தன. 2022-இல் திட்டமே முடித்துவைக்கப்பட்டது. ஆனால் போன பெயரும் போன உறக்கமும் திரும்பி வருமா?

வழி இல்லாமலில்லை. 1985-இல் அமெரிக்க அரசே ஒரு நெறியை வகுத்தது. அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்றவரை தடையின்றி வெளிவர வேண்டும்; காக்க வேண்டியது உண்டென்றால் அதை முறைப்படி இரகசியம் என்று அறிவித்துக் காக்க வேண்டும் என்பதே அது. எது இரகசியம் என்பதை வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள். கணினியைக் காவல் செய்யுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். குற்றம் சாட்டுமுன் துறை அறிந்தவரைக் கலந்து கொள்ளுங்கள். எவரையும் அவர் செய்த செயலால் அளந்திடுங்கள், பிறப்பால் அல்ல.

மாணவத் தோழர்களே! பிறந்த இடத்தை வைத்து அளக்கப்படுவதன் வலி நம்மில் பலர் அறிந்ததுதான். நாளை நம்மில் ஒருவர் அயல்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அந்நியராக நிற்கலாம். இன்னொருவர் இங்கே பூட்டுச் சாவியைக் கையில் வைத்திருக்கலாம். சாவி கையில் இருக்கும் நாளிலும் இந்த வலி நினைவிருக்கட்டும்.