வேலிக்கு உள்ளே ஒரு கிணறு

விடுமுறை வந்தால் ஊருக்குப் போவது நம் எல்லோருக்கும் இனிக்கும் செய்தி. எங்கள் குடும்பத்திற்கு அந்த ஊர் அக்காள்மடம். இராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடையே, தென்னையும் பனையும் நிற்கும் மணற்பாங்கான நிலத்தில் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. இரண்டு அறை, ஒரு திண்ணை, ஒரு கிணறு, அவ்வளவுதான். ஆண்டில் இருபது நாள் அங்கே விளக்கு எரியும். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான்.

சென்ற மே மாதத்தில் அவ்வீட்டைப் பற்றி ஒரு வழக்கு எழுந்தது. சுற்றிலும் மதில் எழுப்பி, ஆழ்குழாய்க் கிணறு இறக்கி, மாடியில் அறைகள் கட்டினால் சுற்றுலா வருவோருக்கு வாடகைக்கு விடலாம் என்பது அப்பாவின் எண்ணம். "தண்ணிக்கு வர்ற பிள்ளைக எங்கப்பா போகும்?" என்று அப்பத்தா கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஐந்தாறு வீட்டார் நெடுங்காலமாக எங்கள் கிணற்றில்தான் குடிக்க நீர் எடுக்கிறார்கள். அக்காளும் தங்கையுமாகிய எங்கள் இருவரையும், "நீங்கள் யார் பக்கம்?" என்று வீட்டில் கேட்டார்கள். எங்கள் விடையே இக்கட்டுரை.

முதலில் ஊரின் பெயரை எண்ணிப் பார்ப்போம். மடம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். 1914-ஆம் ஆண்டு ரயில் பாலம் வரும்வரை யாத்திரிகர்கள் படகில் கடல் கடந்தே இராமேசுவரம் சென்றார்கள். அவர்களுக்காகச் சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தார்கள். யாத்திரிகரிடம் வரி வாங்கிய குற்றத்திற்காக விஜயரகுநாத சேதுபதி தம் மருமகனுக்கே மரண தண்டனை விதித்தார் என்றும், அவனுக்கு மனைவியராயிருந்த மன்னரின் புதல்வியர் இருவரும் உடன் உயிர் துறந்தனர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. வந்தவரிடம் ஊர் பறிக்கலாகாது என்பது அக்கால நீதி. அப்படியானால், வந்தவர் ஊரிடம் பறிப்பது மட்டும் நீதியாகுமா?

பறிப்பது என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அத்தீவின் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது என்று அறிந்தால் அப்படித் தோன்றாது. அங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் இலேசானது அல்லவா? இத்தகைய மணல் நிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்திற்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்பு நீர் 40 அடி வரை ஏறிவிடக்கூடும். வாளியால் இறைக்கும் வரையில் கிணறு தாங்கும். ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டாரால் உறிஞ்சினால், எங்கள் கிணறு மட்டுமா உப்பாகும்? அடுத்த வீட்டுக் கிணறும் அதே நீர்தானே?

நாம் போகும் காலத்தையும் நினைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. கோடையில் கிணறுகளில் நீரும் குறைவு. மீனவர் வீட்டில் வருவாயும் கிணற்றில் நீரும் குறைந்திருக்கும் வேளையில்தான் நாம் இரண்டு வேளை குளிக்கப் போய் இறங்குகிறோம்!

அப்பாவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உப்புக் காற்றில் கதவுக் கீலும் ஜன்னல் கம்பியும் ஆண்டுதோறும் துருப்பிடிக்கின்றன. ஓடு மாற்றப் பணம் வேண்டும். விருந்தினர் வந்தால் ஊரில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் மீன் விற்பவருக்கும் நாலு காசு கிடைக்கும். கடற்கரையில் கட்டடம் எழுப்ப 1991-ஆம் ஆண்டு முதல் அரசு விதிகளும் இருக்கின்றன. அவற்றை மீறும் எண்ணம் அப்பாவுக்கு இல்லை. ஆனால் அவ்விதிகள் கடலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் போன்றவற்றை அளக்கின்றன. பக்கத்து வீட்டுக் குடம் நிறைந்ததா என்று அவை கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

எனவே நாங்கள் சொன்னது இதுதான். வீட்டை வாடகைக்கு விடலாம். உள்ள இரண்டு அறையோடு நிற்கட்டும். ஆழ்குழாய் வேண்டாம். ஓட்டிலிருந்து வழியும் மழைநீரைக் கிணற்றருகே மணலில் இறக்குவோம். மதிலுக்குப் பதில் பனைமட்டை வேலி கட்டி, கிணற்றடிக்குப் படல் ஒன்று வைத்து, அதைப் பூட்டாமல் விடுவோம்.

அப்பா வேலிக்கும் படலுக்கும் இசைந்துவிட்டார்கள். ஆழ்குழாயை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்கிறார்கள். மாடியைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆகவே எங்கள் வழக்கு முடியவில்லை.

தோழியரே, உங்களில் பலருக்கும் எங்கேனும் ஒரு தோப்பு வீடோ பூர்விக வீடோ இருக்கலாம். அடுத்த விடுமுறையில் அங்கே போனதும், நாம் இல்லாத நாட்களில் அவ்வீடு யாருக்குப் பயன்படுகிறது என்று ஒருமுறை பெரியவர்களிடம் கேளுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் அப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் விடை சொல்லுங்கள் என்று பணிவோடு வேண்டுகிறோம்.